ஸ்வால்பார்டில் சிறிய கப்பலில் பனிக்கரடி தேடிப் போவது எப்படி: மாதம் பார்ப்பதில் தொடங்கி இறங்கும் நாள் வரை

ஆர்க்டிக் கப்பல் பயணம் என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, பனிக்கரடியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியுமா என்பதுதான். முடியாது. ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். 500 மீட்டர் தூரத்தில் ஒரு கரடி வெறும் கண்ணுக்கு மஞ்சளாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு கிளம்புகிறவர்களுக்கு இந்தப் பயணம் பிடித்துப்போகும், தெரியாமல் வருகிறவர்கள் கப்பலின் மேல்தளத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் பால்கனி வைத்த அறைக்குக் கொடுக்க நினைத்திருக்கும் காசில் ஒரு பகுதியை நல்ல பைனாகுலருக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது.

ஆர்க்டிக் பெரியது. கிரீன்லாந்து, கனடாவின் வடமேற்குப் பாதை என்று பல இடங்களுக்குச் சிறிய கப்பல்கள் போகின்றன. ஆனால் முதல் முறை போகிறவருக்கு ஸ்வால்பார்டுதான் சரி. நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கூட்டம், வடக்கே 74 முதல் 81 டிகிரி வரை பரவிக் கிடக்கிறது, அப்படியிருந்தும் ஒஸ்லோவிலிருந்து சாதாரணப் பயணிகள் விமானத்தில் மூன்று மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். காரணம் கடல்நீரோட்டம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் மேற்குக் கரையை ஒட்டி மேலே ஏறி வருவதால், இதே அட்சரேகையில் மற்ற இடங்களில் கப்பலே நுழைய முடியாத காலத்திலும் இங்கே மேற்குப் பக்கம் திறந்திருக்கும். நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறு, மரம் என்று ஒன்றுகூட இல்லை, தீவுக்கூட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. பூர்வகுடி மக்கள் என்று யாரும் இங்கே வாழ்ந்ததில்லை. திமிங்கிலம் பிடிக்க வந்தவர்கள், தோலுக்காக வேட்டையாடியவர்கள், நிலக்கரி தோண்டியவர்கள், இப்போது ஆராய்ச்சியாளர்களும் நம்மைப் போன்றவர்களும்.

எந்த மாதம்

எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்காது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் மலைகள் முழுக்க வெள்ளையாக இருக்கும். ஃபியோர்டுகளின், அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடற்கால்களின், உள்மூலைகளில் கரையோடு ஒட்டிய கடல்பனி இன்னும் உடையாமல் கிடக்கும், அதன்மேல் சீல்கள் தங்கள் மூச்சுத் துளைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும், அவற்றைத் தேடிக் கரடி வரும். படம் எடுப்பவர்களுக்குப் பொற்காலம். ஆனால் கப்பல் பெரும்பாலும் மேற்கிலும் வடமேற்கிலும்தான் சுற்ற முடியும், 500 மீட்டர் விதியும் இந்த மாதங்களில்தான். கரையோடு ஒட்டிய பனியைக் கப்பல் உடைத்துக்கொண்டு போகவும் அனுமதி இல்லை, விளிம்பில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஜூலையில் பனி விலக ஆரம்பிக்கும். ஹின்லோபன் நீரிணை திறந்தால் இங்கே பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனை முழுச் சுற்றாகச் சுற்றிவரலாம். தரையில் பூக்கள் வரும், பறவைப் பாறைகளில் கூச்சல் உச்சத்தில் இருக்கும், ஆர்க்டிக் நரிக்குட்டிகள் வெளியே தலைகாட்டும். ஆகஸ்டில் கடல் ரொம்பவே திறந்துவிடும், சுற்றிவருவது எளிது, திமிங்கிலங்கள் பார்க்கக் கிடைக்கும், ஆனால் பனி விளிம்பு வெகு வடக்கே போயிருக்கலாம், பாறைகளில் கூடு வைத்த பறவைகளில் பெரும்பகுதி கடலுக்குப் போயிருக்கும். விமானம் இறங்கும் முக்கிய ஊரான லாங்யியர்பியனில் ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. செப்டம்பரில்தான் மறுபடி அந்திவானம், இருட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் துருவ ஒளி.

என்னைக் கேட்டால் ஜூலை முதல் பாதி. பனியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பறவைகளும் இருக்கும். நண்பர்களில் சிலர் மே மாதம்தான் உண்மையான ஆர்க்டிக் என்று சண்டைக்கே வருவார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கப்பலைத் தேர்ந்தெடுப்பது

'சிறிய கப்பல்' என்று எல்லா நிறுவனமும் போட்டுக்கொள்ளும், 12 பேர் கப்பலும் சிறியதுதான், 200 பேர் கப்பலும் சிறியதுதான். 12 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி 12 பேருக்கு மேல் ஏற்றினால்தான் அது பயணிகள் கப்பல், அதற்கான கெடுபிடிகள் வேறு. அதனால்தான் பழைய ஆய்வுக் கப்பல்களையும் மீன்பிடிக் கப்பல்களையும் மாற்றியமைத்து 12 பேரோடு ஓட்டுகிறார்கள். கரடி ஒன்று கண்ணில் பட்டால் இந்த மாதிரிக் கப்பல் அங்கேயே இயந்திரத்தை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும். விலைதான் கையைக் கடிக்கும். அடுத்தது 20 பேர் ஏறும் பாய்மரக் கப்பல்கள். 1910இல் கட்டிய நூர்டர்லிக்ட் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் இன்னும் இங்கே ஓடுகிறது. அறை தீப்பெட்டி அளவு, ஆனால் இயந்திரச் சத்தம் இல்லாமல் ஃபியோர்டுக்குள் நுழைவது தனி சுகம். அப்புறம் 100 பேர் சுமக்கும் பனி வலுவூட்டிய கப்பல்கள், நடுத்தரக் குடும்பம் சேர்த்து வைத்துப் போகக்கூடிய விலை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் இப்போது போகவே முடியாது, கரையிறங்கவும் அந்தப் பகுதிகளில் 43 இடங்கள்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன.

பதிவு செய்வதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள். எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் ரப்பர் படகுகளில் இறங்க முடியுமா, இல்லை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு அணி கப்பலில் காத்திருக்க வேண்டுமா? வழிகாட்டிகள் எத்தனை பேர்? ரப்பர் பூட்ஸ் தருவார்களா? 10 நாள் என்று போட்டிருப்பதில் கடலில் உண்மையில் எத்தனை முழு நாள்? கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் முதல் நாள் மாலையில் ஏறி கடைசி நாள் காலையில் இறங்குவதையும் சேர்த்துத்தான் எல்லாரும் கணக்குச் சொல்வார்கள். பதில் நேராக வந்தால் நல்ல நிறுவனம். ஆர்க்டிக் எக்ஸ்பெடிஷன் கப்பல் நிறுவனங்களுக்கென 2003இல் தொடங்கிய 'ஏகோ' என்ற சங்கம் இருக்கிறது, அதில் உறுப்பினரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விலங்குகளை அணுகுவது, விதை பரவாமல் காலணி கழுவுவது எல்லாவற்றுக்கும் அவர்களுடைய நெறிமுறைகள்தான் அடிப்படை.

அறை விஷயத்தில் என் கருத்து கறாரானது: கிடைப்பதில் மலிவானதை எடுங்கள். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், வட்டச் சன்னல். ஆட்டமும் அங்கேதான் குறைவு. அறைக்குள் நீங்கள் தூங்க மட்டும்தான் போவீர்கள், அதுவும் சூரியன் மறையாத ஊரில் தூங்கவே மனம் வராது. ஒன்பது, பத்து நாள் பயணத்தில் மூன்று பேர் பகிரும் அறைக்கே தோராயமாக 5,000 யூரோவைத் தாண்டும், 12 பேர் கப்பல் என்றால் இரண்டு மடங்கு வரை போகும், விமானச் செலவு தனி. ஒரு வருடம் முன்பே பதிவு செய்வது அல்லது கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது என்று இரண்டு வழி, ஆனால் விசா எடுத்துப் போகவேண்டிய நமக்கு இரண்டாவது வழி ஒத்துவராது.

விசா: இதை இரண்டு தடவை படியுங்கள்

ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்லை. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையில் அந்தத் தீவுகளின் இறையாண்மை நார்வேக்குக் கொடுக்கப்பட்டாலும், அதில் சேர்ந்த மற்ற நாட்டவரும் அங்கே போய் இருக்கவும் தொழில் செய்யவும் உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே போகும் விமானம் நார்வே வழியாகத்தான் போகும், நார்வே ஷெங்கன் பகுதி (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே. அதாவது ஒஸ்லோவிலோ டிரம்சோவிலோ லாங்யியர்பியன் விமானம் ஏறும்போதே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள், திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா இருந்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். இரண்டு முறை அல்லது பலமுறை நுழைவு என்று விண்ணப்பத்திலேயே குறித்து, கப்பல் பதிவுச் சீட்டை இணைத்து, காரணத்தை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். விசா கைக்கு வந்ததும் அந்தக் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் நேரம் கிடைப்பது திண்டாட்டம், அதனால் சீக்கிரமே போடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு இந்தப் பயணத்துக்குப் போதாது. லாங்யியர்பியனில் இருப்பது சின்ன மருத்துவமனை, கொஞ்சம் பெரிய பிரச்சினை என்றாலும் டிரம்சோவுக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியிருக்கலாம். அவசர மீட்புச் செலவு எவ்வளவு வரை தருவார்கள், துருவப் பகுதி உள்ளடங்குமா என்ற இரண்டையும் பாலிசியில் எழுத்தில் பாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள்.

விமானம் எடுக்கும்போது கப்பல் கிளம்பும் நாளுக்கு முதல் நாளே, முடிந்தால் அதற்கும் முந்தைய நாளே லாங்யியர்பியன் சேரும்படி எடுங்கள். மூடுபனியால் விமானம் ரத்தாவது அங்கே சகஜம், பெட்டி ஒஸ்லோவிலேயே தங்கிவிடுவதும் சகஜம். கப்பல் உங்களுக்காக நிற்காது. முதல் நாள் போட வேண்டிய கம்பளி உடை, மாத்திரை, கேமரா எல்லாம் கைப்பையில்.

என்ன எடுத்துப்போவது

கோடையில் வெப்பநிலை பெரும்பாலும் 0 முதல் 7, 8 டிகிரிக்குள்தான். குலு மணாலி குளிரைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. படகில் காற்றும் தெறிக்கும் தண்ணீரும் சேரும்போதுதான் விஷயம் புரியும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் காற்றும் நீரும் புகாத மேல்சட்டை. காலுக்கும் அப்படியே, வெளியே நீர்புகாத பேன்ட் கட்டாயம், அதை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும், உள்ளே செருகினால் அலை அடித்த தண்ணீர் நேராகப் பாதத்துக்குப் போகும். பருத்தி வேண்டவே வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம், ஈரமானால் காயாது. கையுறை இரண்டு அடுக்கு: உள்ளே மெல்லியது, வெளியே தடிமனானது, கேமரா பொத்தானை அழுத்த வெளியுறையைக் கழற்றினாலும் விரல் விறைக்காது. கழுத்துக்கு ஒரு பஃப், காது மூடும் தொப்பி, குளிர்கண்ணாடி, சன்ஸ்கிரீன். பனியிலும் கடலிலும் பட்டுத் திரும்பும் வெயில் மூக்கை உரித்துவிடும்.

பைனாகுலர் 8×42 அல்லது 10×42. ஆடும் தளத்தில் 8 மடங்குதான் கைக்கு நிலையாக நிற்கும் என்பது என் அனுபவம். ஆளுக்கு ஒன்று வேண்டும், கணவன் மனைவி ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கொண்டுவந்தால் கரடி வந்த நேரத்தில் குடும்பச் சண்டை நிச்சயம். கேமராவுக்கு 400 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ் இருந்தால் போதும், வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டிலேயே வைத்திருங்கள். வெளியிலிருந்து அறைக்குள் நுழையும்போது கேமராவைப் பைக்குள் மூடியபடியே அரைமணி நேரம் விட்டுவைத்தால் லென்ஸில் ஆவி படியாது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தடை.

கடல் ஒவ்வாமை மாத்திரை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி, ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், சிலருக்குத் தூக்கம் சொக்கும். ஃபியோர்டுகளுக்குள் தண்ணீர் தட்டையாகத்தான் இருக்கும், மேற்குக் கரையின் திறந்த கடலிலும் பனி விளிம்புக்குப் போகும் வழியிலும்தான் ஆட்டம். வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும்.

சைவம் என்றால் பதிவின்போதே எழுதுங்கள், ஏறிய அன்றும் சமையல்காரரிடம் நேரில் சொல்லுங்கள். முட்டை, பால் சாப்பிடுவீர்களா என்று தனியாகச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் நான்காம் நாள் நாக்கு காரத்துக்கு ஏங்கும். பருப்புப் பொடி, ஊறுகாய் ஒரு சின்ன டப்பா போதும்.

லாங்யியர்பியனில் ஒரு நாள்

1906இல் ஜான் மன்றோ லாங்யியர் என்ற அமெரிக்கரின் நிலக்கரி நிறுவனம் உருவாக்கிய ஊர், இப்போது சுமார் 2,500 பேர். ஹோட்டலிலும் அருங்காட்சியகத்திலும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், நமக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை. ஊர் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்காதீர்கள், அங்கங்கே கரடிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கும், அது சுற்றுலாவுக்கு வைத்த அலங்காரம் இல்லை. உலக விதைக் காப்பகத்தின் வாசலை டாக்சியில் போய்ப் பார்த்துவரலாம், உள்ளே விட மாட்டார்கள். மற்றபடி தூங்குங்கள்.

ரப்பர் படகில் ஏறி இறங்குவது

ஏறிய அன்று மாலையே பாதுகாப்புப் பயிற்சி, விலங்குகள் பற்றிய கட்டாய வகுப்பு, காலணி, முக்காலி, பை எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் சடங்கு. வெல்க்ரோ பட்டைகளில் ஒட்டியிருக்கும் புல் விதையை வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் வெப்பமடையும் ஆர்க்டிக்கில் வெளியூர் விதை முளைக்க ஆரம்பித்தால் திருப்பி எடுக்க முடியாது.

வயதானவர்கள் அதிகம் பயப்படுவது ஜோடியாக் என்ற அந்த ரப்பர் படகுக்குத்தான். முறை தெரிந்தால் பயமில்லை. கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கிக் கடைசிப் படியில் நில்லுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கேமரா பைக்குள், பை முதுகில். கீழே நிற்கும் மாலுமி கையை நீட்டுவார். உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், அவர் முழங்கைக்குக் கீழே நீங்கள் பிடிக்க வேண்டும், உங்கள் முன்கையை அவர் பிடிப்பார், ஒருவர் பிடி நழுவினாலும் இன்னொருவர் பிடி நிற்கும். அவர் 'இப்போது' என்று சொல்லும்வரை அசையக் கூடாது. அலை படகை மேலே தூக்கும் நொடியில் சொல்வார். ஒரு கால் படகின் விளிம்பில், அடுத்த கால் உள்ளே, உடனே உட்கார்ந்து விளிம்பிலேயே நகர்ந்து உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள். படகுக்குள் எழுந்து நடக்கக் கூடாது. கரையில் இறங்கும்போது முன்பக்கமாக நகர்ந்து வந்து, காலைக் கடலின் பக்கம் சுழற்றிப் போட்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டும், பூட்ஸ் எதற்கு என்பது அப்போது விளங்கும். இரண்டாவது நாளே பழகிவிடும்.

கரையில் துப்பாக்கியோடு வழிகாட்டிகள் முதலில் போய் மேட்டில் ஏறிச் சுற்றிலும் பார்ப்பார்கள். கரடி தென்பட்டால் இறங்குவது ரத்து. நீங்கள் இறங்கிய பிறகு வந்தால் எல்லாரும் படகுக்குத் திரும்ப வேண்டும், விவாதமே கிடையாது. துப்பாக்கி கடைசி வழி, அதற்கு முன் சத்தமும் வெளிச்சமும் தரும் வெடியைப் போட்டுத்தான் விரட்டுவார்கள். அதற்கும் அவசியம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல வழிகாட்டியின் திறமை. குழுவை விட்டுப் பத்தடி விலகிப் படம் எடுக்கப் போகிறவர் தன்னை மட்டுமில்லாமல் கரடியின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

அங்கே எதை எப்படிப் பார்ப்பது

அச்சடித்த பயணத் திட்டத்தை மறந்துவிடுங்கள். காற்று, பனி, கரடி மூன்றும் பார்த்து, இரவு கூட்டத்தில் நாளைக்கு என்ன என்று பயணத் தலைவர் சொல்வார், காலையில் அதுவும் மாறும். வழக்கமாகக் காலை ஒரு இறக்கம், மதியம் ஒரு இறக்கம் அல்லது படகுச் சுற்று. இடையில் எந்நேரமும் ஒலிபெருக்கியில் அழைப்பு வரலாம், நள்ளிரவு இரண்டு மணிக்கும் வரும். உடைகளை மாட்டும் வரிசையிலேயே கதவருகே தொங்கவிட்டால் மூன்று நிமிடத்தில் மேல்தளம் போய்விடலாம்.

கரடியைத் தேடும்போது வெள்ளையைத் தேடாதீர்கள். பனியின் வெள்ளைக்கு முன் கரடி வெண்ணெய் மஞ்சளாகத் தெரியும். ஒரு இடத்தைப் பைனாகுலரில் இடமிருந்து வலமாக மெதுவாக வருடி, கொஞ்சம் கீழிறக்கி, திரும்ப வருட வேண்டும். நூற்றுக்கு தொண்ணூறு மஞ்சள் புள்ளிகள் கல்லாகத்தான் இருக்கும். ஸ்வால்பார்டில் நிரந்தரமாகத் தங்கும் கரடிகள் சுமார் 300தான், ஊர்க்கதைபோல மனிதர்களைவிடக் கரடிகள் அதிகம் என்பது ஸ்வால்பார்டுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே விரியும் பேரன்ட்ஸ் கடல் முழுவதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. 1973இலிருந்து இங்கே கரடி வேட்டை இல்லை.

வால்ரஸ் பார்க்க பிரின்ஸ் கார்ல்ஸ் ஃபோர்லாந்து தீவின் பூலபின்டன், ஹின்லோபனில் டோரல்னெசட் போன்ற கடற்கரைகள். முதலில் மூக்குக்குத்தான் தெரியும், காற்று நம் பக்கம் அடித்தால் கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிடும். இயந்திரப் படகு 150 மீட்டருக்குள் போகக் கூடாது, நடந்து எவ்வளவு நெருங்கலாம் என்பதை வழிகாட்டி வால்ரஸ் கூட்டத்தின் போக்கைப் பார்த்து முடிவு செய்வார். அப்போதுதான் கடலிலிருந்து ஏறிய வால்ரஸைக் கவனியுங்கள், வெளிறிப்போய் சாம்பல் நிறத்தில் இருக்கும், குளிர்நீரில் தோலுக்கு ரத்தம் போவதை உடம்பு நிறுத்தி வைத்திருக்கும். கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்ததும் ரத்தம் திரும்பிப் பாய்ந்து ரோஜா நிறத்துக்கு வரும். பக்கத்தில் கிடப்பது தந்தத்தால் ஒரு குத்து விடும், இது முனகும், மறுபடி எல்லாம் தூங்கும். ஏறத்தாழ முழுக்க வேட்டையாடி முடித்த பிறகு 1952இல்தான் இவற்றுக்குப் பாதுகாப்பு வந்தது. இப்போது எண்ணிக்கை நன்றாகக் கூடியிருக்கிறது.

ஹின்லோபனின் அல்கெஃபியெல்லட் பாறை, இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் நான் கரடியை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். நூறு மீட்டர் உயர எரிமலைப் பாறைத் தூண்கள், அதன் விளிம்புகளில் புருனிக்ஸ் கில்லிமாட் பறவைகள் சுமார் 60,000 ஜோடி. கூடு என்று எதுவும் கட்டாமல் வெறும் பாறை விளிம்பில் ஒற்றை முட்டை. முட்டை ஒரு பக்கம் கூராக இருக்கும். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், சரியாகப் பறக்கத் தெரியாத நிலையிலேயே, கீழே கடலில் கூவும் தகப்பனை நோக்கிக் குதித்துவிடும். ஜூலை பிற்பகுதியில் போனால் இதைப் பார்க்கலாம். கடலில் விழாமல் பாறையடியில் விழும் குஞ்சுக்காக நரி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாறைக்கு 500 மீட்டருக்குள் படகு 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் நிதானமாகத்தான் போவார்கள். தொப்பி போட்டுக்கொண்டு மேலே பாருங்கள், வாயை மூடிக்கொண்டு பாருங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பனியாற்று முகத்துக்குப் படகில் போகும்போது, உதாரணமாக லீஃப்டஃபியோர்டில் மொனாகோ பனியாறு, இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் மிதக்கும் பனித்துண்டுகள் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும், எத்தனையோ நூறாண்டு முன் அடைபட்ட காற்று உருகும்போது வெளியேறும் சத்தம் அது. பனிச்சுவரின் அடியில் ஒரு இடத்தில் மட்டும் கிட்டிவேக் பறவைகள் கூட்டமாக மொய்த்தால், அங்கே பனியாற்றுக்கு அடியிலிருந்து நன்னீர் பீறிட்டு மேலே வருகிறது என்று அர்த்தம், அதோடு சின்னக் கடலுயிர்களும் மேலே தள்ளப்படுகின்றன, இவற்றுக்குச் சாப்பாடு. அங்கேயே மிதக்கும் பனித்துண்டின்மேல் தாடிச் சீல் ஒன்று படுத்திருக்கும், தலை துருப்பிடித்த சிவப்பாக. அடிமண்ணில் முகத்தைப் புதைத்துச் சிப்பி தேடுவதால் மண்ணிலுள்ள இரும்பு ஒட்டிய நிறம். பனிச்சுவர் எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் படகோட்டி தள்ளியே நிற்பார், இன்னும் பக்கத்தில் என்று கெஞ்சாதீர்கள்.

ரெய்ண்டீர் இங்கே குட்டைக்கால் வகை, லாங்யியர்பியன் தெருவிலேயே மேயும். ஆர்க்டிக் ஆலா பறவையின் கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தலையில் கொத்தும், கையை உயர்த்திப் பிடித்தபடி பின்வாங்குங்கள், அது உயரமாக இருப்பதைத்தான் தாக்கும். நார்டாஸ்ட்லாந்தில் ஆஸ்ட்ஃபோனா பனிக்குடையின் விளிம்பு, மைல் கணக்கில் ஒரே வெள்ளைச் சுவராக, அருவிகள் விழுந்தபடி நீளும், அதைக் கப்பல் தளத்திலிருந்து பார்ப்பதே போதும்.

பனி விளிம்புக்குப் போகும் நாள் முழுக்கக் கடல்தான். 80 டிகிரியைத் தாண்டியதும் எல்லாரும் ஜிபிஎஸ் திரையைப் படம் எடுப்பார்கள். மூடுபனி விழுந்தால் எதுவும் தெரியாமல் திரும்ப வேண்டியிருக்கும், இதற்குக் கப்பல்காரரைத் திட்டிப் பயனில்லை. தெளிந்த நாளானால் கப்பல் முனையில் சத்தம் போடாமல் நில்லுங்கள். ஐவரி கல் என்ற முழுவெள்ளைக் கடற்காகம் வந்தால் பறவை பார்ப்பவர்கள் கரடி வந்ததுபோல் ஓடுவார்கள், கூடவே ஓடுங்கள்.

மனிதர்கள் விட்டுப்போனவை

1596இல் வில்லெம் பேரன்ட்ஸ் இந்தத் தீவுகளைப் பார்த்துச் சொன்ன பிறகு டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் திமிங்கில எண்ணெய்க்காக வந்து குவிந்தார்கள். ஸ்மீரென்பர்க் கரையில் கொழுப்பு காய்ச்சிய அடுப்புகளின் எச்சம் இன்னும் இருக்கிறது. 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும், துருப்பிடித்த ஆணியானாலும், சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, தொடக் கூடாது. எலும்பு, கல், கொம்பு எதையும் நினைவுப் பொருளாக எடுக்காதீர்கள். கரையொதுங்கிய பிளாஸ்டிக் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கலாம், பல கப்பல்களில் அதற்கென்றே சாக்கு தருவார்கள்.

நி-ஓலசுண்டில் நிறுத்தினால் நமக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. 79 டிகிரி வடக்கில் இருக்கும் அந்த ஆராய்ச்சி ஊரில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலை 1 முதல் இயங்குகிறது. எதிரே கோங்ஸ்ஃபியோர்டில் 2014இல் நீருக்கடியில் நிறுத்திய இன்டார்க் என்ற கண்காணிப்புக் கருவித்தொகுப்பை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்கு உண்டு. நிலையத்துக்குள் விட மாட்டார்கள், வெளியே நின்று படம் எடுக்கலாம். குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. வானொலி அலைகளை வைத்து நடக்கும் அளவீடுகள் கெட்டுவிடும் என்பதால் வைஃபை, புளூடூத் இரண்டையும் கப்பலிலேயே அணைத்துவிட வேண்டும். கைக்கடிகாரம், காதுக்கருவி, கேமரா இவற்றிலும் புளூடூத் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊர் ஓரத்தில் நிற்கும் இரும்புக் கோபுரம் 1926இல் அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே ஆகியோர் வட துருவத்துக்கு மேலே பறந்த நோர்கே என்ற ஆகாயக் கப்பலைக் கயிற்றால் பிணைத்து நிறுத்திய கோபுரம்.

இந்தப் பயணமே பனி உருகுவதற்கு நம் பங்காக எரிக்கும் எண்ணெய்தானே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. உலக சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக இந்தத் தீவுகள் சூடாகின்றன. கனரக எரிபொருள் எண்ணெயை 2022 முதல் ஸ்வால்பார்ட் கடலில் தடை செய்திருக்கிறார்கள், பயணி எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் சென்னையிலிருந்து ஒஸ்லோ வரை பறந்த கணக்கு நம் தலையில்தான். ஒரே தடவை, நீண்ட நாள், நிதானமாகப் போவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இறங்கும் நாள்

முந்தின நாள் இரவே கப்பல் கணக்கை முடித்துவிடுங்கள், காலையில் வரிசை நிற்கும். டிப்ஸ் பொதுவாக ஒரு நாளைக்கு 10 முதல் 15 யூரோ என்று சொல்வார்கள், கட்டாயமில்லை, ஆனால் அறை சுத்தம் செய்பவருக்கும் சமையலறைக்கும் போய்ச்சேரும் காசு என்பதால் கொடுத்துவிடலாம். பல கப்பல்களில் பயணப் படங்களையும் பார்த்த உயிரினங்களின் பட்டியலையும் எல்லாருக்கும் பகிர்வார்கள், உங்கள் மின்னஞ்சலைக் கொடுக்க மறக்காதீர்கள். பெட்டியை விடிகாலையிலேயே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அதற்குள் பாஸ்போர்ட், மாத்திரை, கேமரா கார்டு மூன்றும் உங்கள் கைப்பைக்கு வந்திருக்கட்டும். லாங்யியர்பியனிலிருந்து விமானம் மதியமோ நள்ளிரவு தாண்டியோ இருக்கும், நடுவில் நேரம் கிடைத்தால் ஸ்வால்பார்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், போகும்போது பார்ப்பதைவிடத் திரும்பும்போது பார்த்தால்தான் அங்கே வைத்திருப்பதெல்லாம் புரியும். ஒஸ்லோவில் மறுபடி குடியேற்றச் சோதனை உண்டு, அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.